கைப்பங்கு

மூன்றாவது சனிக்கிழமையாக மகுடீஸ்வரனின் லாரி அதே வளைவில் கவிழ்ந்தது. திரையில் அதன் முன்சக்கரங்கள் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. முன்னால் போன இரண்டு லாரிகளும் தாமாகவே நின்றன. 'கணவாய்' விளையாட்டின் விதி அது. மூன்று பேர், மூன்று லாரி, ஒரே மலைப்பாதை. மூன்றும் சேர்ந்து அந்தப் பக்கம் இறங்கினால்தான் வெற்றி. ஒருவன் விழுந்தால் மூவரும் அடிவாரத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

"விடு மாப்ள, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்," என்றான் ஜெரால்டு, ஹெட்போனில்.

"பாறை உருள்றது உனக்கு மட்டும் லேட்டாத் தெரியுதாடா?" என்று நவநீதன் சிரித்தான்.

பாறை உருள்வது மகுடீஸ்வரனுக்கு நேரத்துக்குத்தான் தெரிந்தது. பிரேக்கையும் நேரத்துக்குத்தான் அழுத்தினான். ஆனால் அழுத்தியது அவனுடைய கம்ப்யூட்டருக்கு உறைத்து, லாரி நிற்பதற்குள் பாறை வந்து மோதிவிடுகிறது. மற்ற இருவருக்கும் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு பேரும் போன வருடமே பிராசஸரை மாற்றிவிட்டார்கள்.

மூவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. படிப்பு முடிந்து இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. மகுடீஸ்வரன் கோவையிலேயே, கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர். நவநீதன் ஓசூரில். ஜெரால்டு ஓமனில் ஒரு சுத்திகரிப்பு ஆலையில். யாருக்குக் கல்யாணம் ஆனாலும், குழந்தை பிறந்தாலும், சனிக்கிழமை மாலை நான்கு மணி மட்டும் மாறவில்லை. அந்த நேரத்துக்கு மகுடீஸ்வரன் வீட்டில் யாரும் எந்த வேலையும் வைப்பதில்லை. அவன் மனைவி கோகிலவாணி காலண்டரில்கூட அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருந்தாள்.

அப்படிப்பட்ட நேரத்தில் தன்னால்தான் மற்ற இருவரும் தோற்கிறார்கள் என்பது அவனுக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராஸ்கட் ரோட்டுக்குப் போனான்.

பக்கத்துச் சந்தில் மேகலாவின் கம்ப்யூட்டர் கடை. முப்பத்தைந்து வயதிருக்கும். கல்லாவில் உட்காராமல், வேலை மேஜையிலேயே நின்றபடி வியாபாரம் பார்ப்பவள். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதிவிட்டு உள்ளே பார்த்தாள்.

"கிராபிக்ஸ் கார்டு நல்லாத்தான் இருக்குதுங்ணா. இதை மாத்தவே வேண்டாம். அதுக்கு வேலை எடுத்துக் குடுக்கற பிராசஸர்தான் மெதுவா இருக்குது. ஆறு கோர், அதுவும் ஆறு வருசப் பழசு. கார்டு பாதி நேரம் சும்மா உக்காந்திருக்கும்."

"அப்ப பிராசஸர் மட்டும் மாத்துனாப் போதுங்களா?"

"மதர்போர்டும் மாத்தோணும். புது பிராசஸரு இந்த சாக்கெட்ல உக்காராது. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்." மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "உங்களுக்கு இது ரெண்டுதான். ரெண்டும் ஒரே சாக்கெட், ஒரே கம்பெனி. இது எட்டுக் கோர். நேர் பிராசஸர்னு சொல்லுவோம். நீங்க சொன்னதச் செய்யும், வேகமாச் செய்யும், அவ்வளவுதான். இது முந்தி."

முந்தியைப் பற்றி அவன் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் அது என்ன செய்கிறது என்று சரியாகத் தெரியாது. கேட்டான்.

"பிராசஸர் எல்லாமே அடுத்து என்ன வேலை வரும்னு ஊகிச்சு வெச்சுக்கும்ங்ணா. அது பழைய சங்கதி. முந்தி அதையே ஆளு மேல செய்யுது. உங்க கை அடுத்து எங்க போகும்னு, போறதுக்கு முன்னாடியே கணக்குப் போட்டு செஞ்சு முடிச்சிரும். உங்க கையும் அதேயே செஞ்சா சரி, அப்படியே விட்டுரும். வேற செஞ்சா, தான் செஞ்சத அழிச்சுட்டு உங்களுத எடுத்துக்கும். கண்ணுக்கே தெரியாது."

"என் கை எங்க போகும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கேம் கம்பெனி பழைய ஆட்டத்தையெல்லாம் சேமிச்சு வெச்சிருக்கும். மூணு வருச ஆட்டத்த இறக்கிக் குடுத்தா ரெண்டு மணி நேரத்துல உங்க கைய மனப்பாடம் பண்ணிரும். கை மட்டும் இல்ல, குரலையும்தான். கேம்ல என்ன பேசப் போறோம்? வர்றான், போறான், திருப்பு, நிறுத்து. ஒரு ஐம்பது வாக்கியம் இருக்குமா?"

மகுடீஸ்வரன் சிரித்தான். அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் பட்டது.

"நீங்க எது வாங்குவீங்க?"

"ரெண்டும் நல்ல சரக்குத்தான். எதுக்கு வாங்கறோம்ங்கறதப் பொறுத்தது. ஜெயிக்கறதுக்குன்னா முந்தி. போர்டு எப்படியும் புதுசு போடறேன், முந்தியப் பதினஞ்சு நாளு போட்டுப் பாருங்க. புடிக்கலைன்னா கொண்டாங்க, நேர் பிராசஸரு மாத்தித் தர்றேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. செட்டிங்ல கைப்பங்குன்னு ஒரு கணக்கு இருக்கும். ஆட்டத்துல நீங்க எவ்வளவு, அது எவ்வளவுன்னு காட்டும்."

அடுத்த சனிக்கிழமை அவர்கள் கணவாயைத் தாண்டினார்கள். பாறை உருளத் தொடங்கும்போதே லாரி நின்றது. சேற்றில் சக்கரம் வழுக்குவதற்கு முன்பே ஸ்டியரிங் திரும்பியது. எல்லாம் தன் கையாலேயே நடப்பது போலத்தான் மகுடீஸ்வரனுக்கு இருந்தது, இருபது வயதில் இருந்த கை. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு ஏரி இருந்தது. அதை அவன் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

"வந்துட்டோம்டா," என்றான் ஜெரால்டு.

முடிந்ததும் கைப்பங்கைத் திறந்து பார்த்தான். நாற்பத்தொன்று என்று காட்டியது. நூற்றுக்கு நாற்பத்தொன்று அவன், மீதி முந்தி. கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பரவாயில்லை, முதல் வாரம்தானே என்று மூடிவிட்டான்.

இரண்டாவது சனிக்கிழமை, ஆட்டம் பாதியில் இருக்கும்போது கோகிலவாணி கதவைத் தட்டினாள்.

"ஏனுங்க, தண்ணி லாரி வந்திருச்சு. ஓஸ் நம்ம தொட்டி வரைக்கும் எட்டமாட்டேங்குதாம். டிரைவர் கத்தறான்."

"ஒரு நிமிசம்டா," என்று மைக்கில் சொல்லிவிட்டு எழுந்து ஓடினான். ஓஸை நீட்ட ஒரு துண்டு குழாய் தேட வேண்டியிருந்தது. தொட்டி நிறையும் வரை நின்று பார்த்து, டிரைவரை அனுப்பிவிட்டு மேலே வர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. தன் லாரி எங்கோ கிடக்கும், இருவரும் திட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வந்தான்.

அறைக்குள் தன் குரல் கேட்டது.

வாசலிலேயே நின்றான். ஹெட்போன் இணைப்பை எடுத்துவிட்டுப் போயிருந்ததால் ஸ்பீக்கரில் சத்தமாக வந்தது. "எடது பக்கம் சேறு, பாத்து," என்றது அவன் குரல். திரையில் அவனுடைய லாரி நிதானமாக வளைவில் திரும்பியது. "நம்ம பம்ப் கம்பெனி ரோட்ட விட இது தேவல," என்றது. வாரம் ஒரு முறையாவது அவன் சொல்லும் வார்த்தை. ஜெரால்டு சிரித்தான். மூன்று துண்டாக வெட்டி வெட்டி எப்போதும் வரும் அதே சிரிப்பு. "ஓட்டு ஓட்டு," என்றான் நவநீதன்.

அவன் இல்லாததை இருவரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அதில் சின்னதாக ஒரு வருத்தம் வந்தது. அந்த வருத்தத்தின் பின்னாலேயே வேறொரு சந்தேகமும் வந்தது.

உட்கார்ந்து மைக்கை அருகில் இழுத்துக்கொண்டான். "ஜெரால்டு, இன்னைக்குக் காலைல என்னடா சாப்பிட்டே?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "மொதல்ல இந்த வளைவு தாண்டட்டும் மாப்ள," என்றான் ஜெரால்டு.

"நவநீ, உன் பொண்ணு இப்ப எத்தனாவது படிக்கறா?"

"மொதல்ல மேல போயிருவோம்டா, அப்புறம் பேசலாம்."

வளைவு தாண்டியது. மேலே போனார்கள். ஒருவரும் பேசவில்லை. மகுடீஸ்வரன் மறுபடி கேட்டான். மறுபடி அதே பதில்கள், அதே குரலில், அதே உற்சாகத்தோடு வந்தன. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய லாரியும் சேர்த்து மூன்றும் கணவாயைத் தாண்டி ஏரிக்கரையில் வரிசையாக நின்றன.

உடனே நவநீதனுக்குப் போன் செய்தான். நான்காவது முறை மணி அடித்ததும் எடுத்தான். பின்னால் குழந்தைகளின் கூச்சலும் தண்ணீரில் குதிக்கும் சத்தமும்.

"எங்கடா இருக்கே?"

நவநீதன் கூச்சலிலிருந்து தள்ளிப் போனான். "நீச்சல் கிளாஸ்டா. பொண்ணுக்கு. சனிக்கிழமை நாலு மணிக்குத்தான் இடம் கெடச்சுது."

"எப்ப இருந்து?"

"தீபாவளிக்கு அப்புறம்." குரலைத் தாழ்த்தினான். "சொல்லோணும்னுதான்டா இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் ஆசையா வந்து உக்கார்றீங்க. என்னால நின்னுபோச்சுன்னு ஆயிரக் கூடாதுன்னு பாத்தேன். ஆன் பண்ணி வெச்சுட்டு வந்தா அதுவே ஆடுது. தோக்கறதும் இல்ல. ஜெரால்டுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவான், சொல்லிராத."

"ஜெரால்டும் இல்லடா."

"என்னடா சொல்றே?"

"அவனும் அங்க இல்ல. கேள்வி கேட்டேன், ரெண்டு பேரும் ஒரே மாதிரிப் பதில் சொல்றீங்க."

"அப்ப இத்தன நாளா நீ யாரு கூடடா ஆடிட்டிருந்தே?"

மகுடீஸ்வரன் போனை வைத்துவிட்டு ஜெரால்டின் ஓமன் எண்ணுக்கு அடித்தான். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. மூவரின் வாட்ஸப் குழுவை மேலே தள்ளிப் பார்த்தான். வாரம் தவறாமல் 'சனி 4 மணி?' என்று அவன் கேட்டிருக்கிறான். வாரம் தவறாமல் இரண்டு கட்டைவிரல்கள். அதைத் தவிர மாதக்கணக்கில் வேறொன்றும் இல்லை. ஜெரால்டு கடைசியாக எழுதிய வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வெகுதூரம் போக வேண்டியிருந்தது.

ஜெரால்டின் மனைவி பெனிட்டாவின் எண், அவர்கள் கல்யாணச் சமயத்தில் வாங்கியது, இன்னும் இருந்தது. அதில் அடித்தான்.

"பெனிட்டாங்களா? நான் மகுடீஸ்வரன். ஜெரால்டு எப்படி இருக்கான்? எங்க இருக்கீங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. "நாங்க இங்க கோயமுத்தூர்லயேதான் இருக்கோம்ங்கண்ணா. ராமநாதபுரத்துல. வந்து அஞ்சு மாசம் ஆச்சு."

மறுநாள் காலை அவன் மெட்ரோவில் ஏறி, பஸ் மாறி, ராமநாதபுரம் போய்ச் சேர நாற்பது நிமிடம்தான் ஆனது. மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு, மாடி வீடு. பெனிட்டா கதவைத் திறந்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிறு விடுமுறை. படியேறும்போதே எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டாள். ஆலையில் பணியில் இருக்கும்போது மூளையில் ரத்தக் குழாய் அடைத்துவிட்டது. வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் வந்திருக்கிறது, கை வரவில்லை. பேச்சு பாதி வந்திருக்கிறது.

"யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருங்கண்ணா. நீங்கெல்லாம் பாவம்னு பேச ஆரம்பிச்சிருவீங்களாம்."

ஜெரால்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். வலது கை மடியில் ஒரு துண்டின் மேல் கிடந்தது. எதிரே மேஜையில் அவனுடைய கம்ப்யூட்டர். மகுடீஸ்வரனைப் பார்த்ததும் முகத்தின் ஒரு பாதி சிரித்தது.

"வா," என்றான். பிறகு, மிக மெதுவாக, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, "இட்லி," என்றான்.

மகுடீஸ்வரனுக்குப் புரியவில்லை. பெனிட்டாவைப் பார்த்தான். அவளுக்கும் புரியவில்லை.

"நேத்துக் கேட்டியே. காலைல... என்ன சாப்பிட்டேன்னு. இட்லி."

மகுடீஸ்வரன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "நீ கேட்டுட்டு இருந்தியா?"

"எல்லா சனிக்கிழமையும்... இருந்தேன்டா. இங்கதான். பாத்துட்டு." இடது கையால் திரையைக் காட்டினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரம் எடுத்தது. மகுடீஸ்வரன் அவசரப்படுத்தவில்லை. "என் பழைய கை... ஆடுது. என் பழைய குரல்... பேசுது. நான் பாக்கறேன். நேத்து நீ கேட்டப்ப... இட்லின்னு கத்துனேன். போய்ச் சேரல. இந்தக் குரல... அதுக்குத் தெரியல. வெளிச் சத்தம்னு தள்ளிருச்சு."

"நான் ஒரு மடையன்டா. அஞ்சு மாசம். ஒரு சந்தேகமும் வரல எனக்கு."

"எப்படி வரும்?" ஜெரால்டு குற்றம் சொல்லும் தொனியில் சொல்லவில்லை, இயந்திரத்தில் எந்தப் பாகம் பழுது என்று சொல்வதுபோலத்தான் சொன்னான். "அஞ்சு மாசத்துல நீ என்ன கேட்டே? ரெடியான்னு கேட்டே. கேக்குதான்னு கேட்டே. அதுக்கெல்லாம்... அதுக்குப் பதில் தெரியும்."

மகுடீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெரால்டு சொல்வது உண்மை. முந்தி வாங்குவதற்கு முன்பே மகுடீஸ்வரன் ஐம்பது வாக்கியத்துக்குள் வந்துவிட்டிருந்தான்.

"நவநீ கெளம்பிப் போறது... எனக்கு அப்பவே தெரியும். தீபாவளிக்கு அப்புறம்... அவன் தும்மவே இல்ல." ஜெரால்டின் முகத்தின் ஒரு பாதி மறுபடி சிரித்தது. "நீ மட்டும்தான் நெசமா ஆடுனே. லேட்டா அடிப்பே. விழுவே. ச்சேன்னு சொல்லுவே. அதுக்காகத்தான் உக்காந்திருப்பேன். நேத்துக்கு முந்தின சனிக்கிழமை... நீ விழல. செரி, இவனும் போயிட்டான்னு... நெனச்சேன்."

சமையலறைப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது. மகுடீஸ்வரன் எழுந்து ஜன்னல் வழியாகத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

"ஜெயிக்கணும்னுதான்டா போட்டேன்," என்றான். "என்னால நீங்க தோக்கறீங்களேன்னு."

கடையில் திங்கட்கிழமை மேகலா முந்தியைக் கழற்றி, பழைய பேஸ்ட்டைத் துடைத்தெடுத்து, நேர் பிராசஸரைப் பொருத்தினாள். அவள் வேலை செய்துகொண்டிருக்கும்போது மகுடீஸ்வரன் ஜெரால்டைப் பற்றிச் சொன்னான். இடது கையால் அவன் விளையாட முடியுமா, மெதுவாகத்தான் ஆடுவான், அந்த மெதுவான கையோடு முந்தி ஒத்துப்போகுமா என்று கேட்டான்.

"அது ஒத்துப்போகோணும்ங்ணா. ஆளு மாற மாற அதுவும் மாறிக்கிட்டே வரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. இவரு புதுக் குரல அது தள்ளுதுன்னா, யாரோ பூட்டி வெச்சிருக்காங்க."

"பூட்டறதுன்னா?"

"கத்துக்கறத நிறுத்தி வெக்கறது. செட்டிங்ல ஒரே ஒரு பட்டன். பூட்டிட்டா அன்னைக்கு இருந்த ஆளு அப்படியே இருப்பாரு. தெறந்து விட்டா, இனிமே இருக்கற ஆளக் கத்துக்கும்." கூலரின் திருகை இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள். "ஆனா ஒண்ணுங்ணா, அவருகிட்டச் சொல்லிருங்க. ரெண்டையும் வெச்சுக்க முடியாது. புதுசு ஏற ஏறப் பழசு போயிரும். ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் அந்தப் பழைய கையும் இருக்காது, குரலும் இருக்காது. நகல் எடுக்கவும் முடியாது. இன்னொருத்தன் குரலத் திருடிரக் கூடாதுன்னு அப்படிச் சட்டம் வெச்சிருக்காங்க."

"பழைய ஆட்டமெல்லாம் கேம் கம்பெனிகிட்ட இருக்குமேங்க? அதுல இருந்து மறுபடியும்..."

"அது பழைய ஓமன் கணக்குல இருக்கும். அவருக்கு அங்க இருந்த எண்ணு போனதோட அதுவும் போயிருக்கும். கேட்டுப் பாருங்க. எனக்கு நம்பிக்கை இல்ல."

கேட்டுப் பார்த்தான். போய்விட்டிருந்தது.

புதன்கிழமை மாலை அவன் மறுபடி ராமநாதபுரம் போய் இருவரிடமும் இதைச் சொன்னான். பூட்டு என்ற சொல் வந்ததும் ஜெரால்டு பெனிட்டாவைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நாந்தான் பூட்டினேன்," என்றாள் பெனிட்டா. கையில் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்து வந்த மொத வாரம், இவரு மைக்குல பேசிப் பாத்தாரு. அதுக்கடுத்த நாளு அதுவும் குழற ஆரம்பிச்சுது. எனக்குப் பயமாப் போச்சுங்கண்ணா. பட்டனத் தேடிப் பூட்டிட்டேன்." அவனிடம் சொல்ல ஆரம்பித்தவள், ஜெரால்டிடம் சொல்லி முடித்தாள். "சனிக்கிழம சனிக்கிழம அந்தக் குரல் கேக்கும். நான் சமையல்கட்டுல நின்னுட்டு இருப்பேன். ஒரு மணி நேரம். நீங்க நல்லா இருக்கற மாதிரி இருக்கும்."

ஜெரால்டு இடது கையை அவள் பக்கம் நீட்டினான். அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்டா," என்று மகுடீஸ்வரனிடம் சொன்னான். "பூட்டியே இருக்கட்டும். அவளுக்கு அது... வேணும்."

இது தான் கருத்துச் சொல்கிற இடமில்லை என்று மகுடீஸ்வரனுக்குத் தெரிந்தது. அன்று காப்பி குடித்துவிட்டு, நவநீதனோடு மூவருமாகப் பேச ஒரு வீடியோ அழைப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினான். நவநீதன் அந்த அழைப்பில் அழுதான். பிறகு, பெண்ணுக்கு நீச்சல் கிளாஸ் இருப்பதால் சனிக்கிழமையை ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். இதை ஆறு மாதத்துக்கு முன்பே கேட்டிருக்கலாம் என்று மூவருக்கும் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகுடீஸ்வரன் தன் வீட்டிலிருந்து ஆடினான். நேர் பிராசஸர் பழையதைவிட எவ்வளவோ வேகம். ஆனாலும் முந்தி இல்லாமல் கைக்கு வயது நாற்பத்து நான்கு. நவநீதன் தன் முந்தியை நிறுத்திவைத்துவிட்டு வந்திருந்தான். ஆறு மாதப் பழக்கம் விட்டுப்போனதில் முதல் மேட்டிலேயே தடுமாறினான். ஜெரால்டின் லாரி மட்டும் ஒரு பிசகும் இல்லாமல் ஏறியது. "விடு மாப்ள, அடுத்த வாட்டி பார்த்துக்கலாம்," என்றது அந்தப் பழைய, தெளிவான குரல். மகுடீஸ்வரனுக்கு அதைக் கேட்க என்னவோபோல் இருந்தது. அதன் பின்னால், மிக லேசாக, வேறொரு குரல் குழறிக்கொண்டிருப்பதாக அவனுக்குப்பட்டது. அது தன் கற்பனையாகவும் இருக்கலாம்.

மூன்றாம் முறை விழுந்து எழுந்து அடிவாரத்தில் நின்றிருந்தபோது ஜெரால்டின் லாரி அசையாமல் நின்றது. கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து மகுடீஸ்வரனின் போன் அடித்தது. பெனிட்டா.

"ஒண்ணுமில்லைங்கண்ணா, பயப்படாதீங்க. நாந்தான் நிறுத்தி வெச்சிருக்கேன். அந்தப் பூட்ட எப்படித் தெறக்கறதுன்னு சொல்லுங்க. பட்டன் எங்கியோ உள்ள போயிருக்குது."

"நெசமாத்தான் சொல்றீங்களா? திரும்ப வராதுங்க அது."

"தெரியும்ங்கண்ணா. இன்னைக்கு இங்கயே பக்கத்துல வந்து உக்காந்தேன். இத்தன நாளும் சமையல்கட்டுல இருந்துதான் கேட்டிருக்கேன். உக்காந்து முழுசாக் கேட்டேன். உங்க பேரச் சொல்லுது. நவநீதன் அண்ணன் பேரச் சொல்லுது. ஒரு மணி நேரத்துல ஒருவாட்டிகூட என் பேரச் சொல்லல. அஞ்சு மாசமா ஒருவாட்டிகூடச் சொன்னதில்லைன்னு அப்பத்தான் தோணுச்சு. இவரு என்னய அன்னாடம் நாப்பதுவாட்டி கூப்புடறாரு. குழறுனாலும் கூப்புடறாரு. நான் எதக் கேட்டுட்டு நின்னேன்னு இருக்குது."

மகுடீஸ்வரன் வழி சொன்னான். செட்டிங், அதற்குள் கைப்பங்கு, அதற்குள் கற்றல். அவள் அழுத்திய சத்தம் போனில் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது மெதுவாகத்தான் நடந்தது. முதல் இரண்டு வாரம் ஜெரால்டின் லாரி குடிகாரன் ஓட்டுவதுபோல் போனது. பழைய கை ஒரு பக்கம் இழுத்தது, புது இடது கை இன்னொரு பக்கம் இழுத்தது. குரலும் அப்படியே. ஒரு வாக்கியம் தெளிவாகத் தொடங்கிப் பாதியில் குழறும். மூன்றாம் வாரம் பழைய சிரிப்பு போய்விட்டது. நவநீதன் அன்று ஆட்டம் முடிந்ததும் மகுடீஸ்வரனைத் தனியாக அழைத்து, "போயிருச்சுல்லடா?" என்று மட்டும் கேட்டான். ஐந்தாம் வாரத்துக்குப் பிறகு தெளிவான சொல் எதுவும் வரவில்லை. அவர்கள் இருவருக்கும் அதற்குள் ஜெரால்டின் புதுப் பேச்சு பழகிவிட்டிருந்தது. அவன் முடிக்கும் வரை லாரிகளை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். விளையாட்டைவிடப் பேச்சுத்தான் அதிகமாக இருந்தது. நவநீதனின் பெண் ஏழாம் வகுப்பு என்பதும், கோகிலவாணிக்கு முழங்கால் வலி என்பதும், பெனிட்டாவின் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருப்பதும் மூன்று வீடுகளிலும் தெரிந்திருந்தது.

பத்தாம் வாரம் இருக்கும். பாதி மலை ஏறியிருந்தார்கள். ஜெரால்டு சிறிது நேரமாகப் பேசவில்லை. நவநீதன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"பெனி," என்று ஹெட்போனில் கேட்டது. குழறிய, மெதுவான குரல்.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. "என்னங்க?" என்றாள் பெனிட்டா.

"நான் கூப்புடலையே," என்றான் ஜெரால்டு. அதே குரல்தான், கொஞ்சம் தள்ளி, மைக்குக்கு வெளியே. அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது தெரிந்தது. "முந்தி... அதுவாக் கூப்புட்டிருக்கு."

"கூப்புடப் போனீங்கதான?" என்று பெனிட்டா கேட்டாள்.

ஜெரால்டு யோசிப்பது போலிருந்தது.

"ஆமா," என்றான். "தாகமா... இருக்குது."

அவள் உள்ளே போய்த் திரும்பி வந்தாள். டம்ளரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. அவனுக்கு இப்போதெல்லாம் தண்ணீர் குடிக்க நேரமாகும். மகுடீஸ்வரன் லாரியை ஓரங்கட்டி நிறுத்தினான்.